பெல்ட் மூடிக்குள் ஒரு சத்தம்

“பிள்ளை, உங்கட வானுக்குள்ள ஏதோ அரையுது” என்றார் சிவலிங்கம் மாஸ்டர்.

டயகமவிலிருந்து புறப்பட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நல்ல பனி. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை வைப்பர் துடைக்க, உட்பக்கத்தை நான் ஒரு பழைய துவாயால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். பின் சீட்டில் இரண்டு பேர் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரோடு சேர்த்து அந்த மூன்று பேருக்கும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனியில் அவர்களை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸ் செய்யக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை.

“ரோட்டுக் கல்லு டயர்ல படுதுங்க மாஸ்டர்” என்றேன்.

“இல்லைப் பிள்ளை. இப்ப அந்தப் பால் லொறிக்கு வழி விட நிப்பாட்டினீங்கள்தானே. வான் நிண்டது. அது நிக்கேல்லை.”

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வேனை வான் என்பார். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் படிப்பிக்க வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். வேனில் எப்போதும் என் பக்கத்து சீட்டு அவருக்குத்தான். எங்கள் வேனுக்கு எஞ்சின் அந்த சீட்டுக்கு அடியில் இருக்கிறது. குளிருக்கு அந்தச் சூடு அவருக்கு இதமாக இருந்தது. எஞ்சின் சரியில்லை என்றால் முதலில் தெரியவேண்டியதும் அவருக்குத்தான்.

இந்தத் தொடரைப் படிக்கிற சிலர், தோட்டத்துப் பெண் ஒருத்தி எப்படி வேன் ஓட்ட வந்தாள் என்று கேட்டிருக்கிறார்கள். அதை இந்த வாரம் கொஞ்சம் சொல்லவேண்டி வரும். ஆனால் சத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தண்ணீர்ப் போத்தலும் கிளட்சும்

நோயாளிகள் மெஷினில் படுத்திருக்கிற நேரம் எனக்குச் சும்மா இருக்கிற நேரம். அன்றைக்கு ஆஸ்பத்திரி மதிலோரம் வேனை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

இருந்தது. காய்ந்த சோளத்தைத் தகர டின்னில் போட்டு மெதுவாக உருட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் வேகமானது. விட்டால் தணிந்தது.

வண்டி நிற்கும்போதே சத்தம் வருகிறது என்றால் சக்கரத்தில் குற்றமில்லை. கிளட்சை அழுத்திப் பார்த்தேன். மாறவில்லை. அப்படியென்றால் கியர்ப்பெட்டியும் இல்லை. பிறகு முன் சீட்டைத் தூக்கி, வெளியே தெரிகிற ஃபேன் பெல்ட்டில் போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். அந்த பெல்ட் தளர்ந்து கத்துகிறது என்றால் தண்ணீர் பட்டதும் சத்தம் கூடும், இல்லை நிற்கும். இது எதையும் சட்டை செய்யவில்லை. சோளம் உருண்டுகொண்டே இருந்தது.

மிஞ்சியது பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிற டைமிங் பெல்ட் பக்கம்தான்.

என் அம்மா தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தவள். அவள் காலத்து மெஷின்களில் பெல்ட் எல்லாம் வெளியே, கண்முன்னே ஓடும். அறுந்துபோகிற பெல்ட் முதலில் தட்டத் தொடங்கும். தட்டுகிற சத்தம் கேட்டதும் பெண்கள் விலகிப் போய்விடுவார்கள். டைமிங் பெல்ட்டுக்கு அந்த நல்ல குணம் கிடையாது. ரப்பர் பெல்ட், உள்பக்கம் பல். எஞ்சினுக்குள் மேலேயும் கீழேயும் நடக்கிற வேலையை ஒரே தாளத்தில் பிடித்து வைத்திருப்பது அதுதான். சத்தம் போடாமல் இருந்து, ஒருநாள் சத்தம் போடாமலே அறுந்துவிடும். அறுந்தால் எஞ்சினுக்குள் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். வண்டி நின்ற இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். நானுஓயா ஏற்றத்திலோ லிந்துலைப் பக்கத்து இறக்கத்திலோ அப்படி ஆனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு, சீட்டை மூடினேன்.

பெல்ட் சத்தம் போடாதென்றால் சோளம் உருட்டுவது யார்? பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற சின்னச் சக்கரம் ஒன்று உண்டு. டென்ஷனர் என்பார்கள். அதன் பேரிங் தேய்ந்தால் இப்படித்தான் அரையும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

நிறுத்துவதா, ஓட்டுவதா

லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றவேண்டும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் வேன் எத்தனை கைமாறி வந்தது என்று யாருக்கும் தெரியாது. விற்றவர் மீட்டரைப் பின்னால் சுற்றியிருப்பார் என்பது மட்டும் தெரியும். பெல்ட் மாற்றும் நேரம் வந்தால் டாஷ்போர்டில் எரியவேண்டிய பல்பையும் யாரோ கழற்றியிருந்தார்கள்.

வீட்டில் என் கணவர் ராஜுவிடம் சொன்னேன். அவர் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவர், பிறகு இந்த வேனை வாங்கி ஓட்டியவர். கால் முறிந்து உள்ளே தகடு வைத்த பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது. லொறியின் சத்தத்தை லயத்து வீட்டுக்குள் இருந்தே கேட்டு, எந்த சிலிண்டர் சரியில்லை என்று சொல்லுவார் என்று தோட்டத்தில் அவருக்குப் பெயர் இருந்தது.

ஊன்றுகோலோடு வந்து, வேனுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்.

“சத்தமே இல்லையே” என்றார்.

“நல்லா கேளுங்க.”

“கேக்குறேன். ஒண்ணும் இல்ல. மாஸ்டர் வயசானவரு. அவரு சொன்னாருன்னு நீயும் சொல்ற.”

அடிபட்ட பிறகு அவர் குரல் தணிந்துவிட்டிருந்தது. சண்டை போட்டாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. மனசு விட்டுப்போய்விட்டது, அதனால்தான் மெதுவாகப் பேசுகிறார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

வியாழக்கிழமை திரும்பி வரும்போது, லிந்துலையில் எங்கள் பாதைக்குத் திரும்பாமல் நேரே தலவாக்கலைக்கு விட்டு, ரியாஸ் நானாவின் கராஜில் நிறுத்தினேன். நோயாளிகளை வைத்துக்கொண்டு அதிக நேரம் நிற்க முடியாது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டுக் கேட்டார்.

“தங்கச்சி, சத்தம் பெல்ட் பக்கம்தான் ஈக்கி. தொறக்காம வேற ஒண்ணும் சொல்லேலா. மாத்துறதுன்னா பெல்ட், டென்ஷனர், எல்லாம் செட்டா மாத்தணும். ஹட்டன்ல பெல்ட் மட்டும்தான் கெடைக்கும். செட் கொழும்புல இருந்து திங்கக்கிழமதான் வரும்.”

“அதுவரைக்கும் ஓடலாமா நானா?”

“ஓடுனா ஓடும். அதுக்கு நான் பொறுப்பு சொல்ல மாட்டேன்.”

அவர் சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை டயலிசிஸ் இருந்தது. ஒரு முறை தவறினாலே மாஸ்டருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு போக அவரால் முடியாது. ஓட்டினால் ஒரு பயம், நிறுத்தினால் இன்னொரு பயம்.

அன்று பின்னேரம் அக்கரப்பத்தனையில் இன்னொரு வேன்காரரைப் பிடித்து, சனிக்கிழமைக்கு என் மூன்று பேரையும் ஏற்றிப்போக ஒழுங்கு செய்தேன். மாஸ்டரிடம் போய்ச் சொன்னபோது, “நல்லது பிள்ளை. அந்த வானிலையும் முன் சீட்டு எனக்குக் கிடைக்குமோ?” என்றுதான் கேட்டார்.

ராஜுவுக்குத்தான் பிடிக்கவில்லை.

“ஓடுற வண்டிய நிறுத்தி, நம்ம ஆளுங்கள இன்னொருத்தன் வேன்ல ஏத்தி விடுற. இனி அவன்கிட்டயே போயிருவாங்க.”

“போனா போகட்டும். நடுவழியில நின்னா யாரு பதில் சொல்றது?”

அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பாதிக் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வதில்லை. நானும் பழகியிருந்தேன்.

காதுக்குப் பின்னால்

ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வேனை மெதுவாக ஓட்டிக்கொண்டு தலவாக்கலைக்குப் போனேன். ராஜுவும் வந்தார். சத்தம் இல்லை என்று எனக்குக் காட்டத்தான் வந்தார்.

ரியாஸ் நானா முதலில் ஃபேன் பெல்ட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். அப்படிக் கொஞ்ச நேரம்தான் ஓடவிடலாம். வெளியே சுற்றுகிற எதுவும் இப்போது சுற்றவில்லை. சோளம் மட்டும் உருண்டது.

பிறகு ஒரு நீளமான ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, நுனியை மூடிக்கு வெளியே தெரிகிற டென்ஷனர் போல்ட்டில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். தலையாட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். காதில் வைத்ததும் உடம்பு கூசியது. சோளம் என்று நினைத்தது சரளைக் கல்லாக இருந்தது.

“நீங்களும் வச்சுப் பாருங்க” என்று ராஜுவிடம் கொடுத்தேன்.

அவர் பிடியைக் காதுத் துவாரத்தில் வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். “ஒண்ணும் இல்ல” என்று என் பக்கம் திரும்பியபோது பிடி வழுக்கி, காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் போய் அழுந்தியது.

அப்படியே நின்றுவிட்டார்.

பிடியை எடுத்து மறுபடி துவாரத்தில் வைத்தார். பிறகு எலும்பில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். எஞ்சினைச் சோதிக்கிறார் என்று ரியாஸ் நானா நினைத்துக்கொண்டிருந்தார். ராஜுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அது எஞ்சின் சோதனை இல்லை என்று தெரிந்தது.

எஞ்சினை நிறுத்தினோம். கராஜ் அமைதியானது. ஸ்க்ரூட்ரைவரைக் கையில் வைத்துக்கொண்டே ராஜு கேட்டார்.

“தனம், இந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சா?”

“எல்லாருக்கும்.”

அவர் என் வாயையே பார்த்தார். அவர் கொஞ்ச காலமாகவே எல்லாருடைய வாயையும் பார்த்துத்தான் பேசுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாததை நான் கோபம் என்று நினைத்திருந்தேன்.

அங்கே கிடந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். யாருக்கென்றும் இல்லாமல் சொன்னார்.

“அப்ப சமன் ஹோன் அடிச்சிருப்பான்.”

அந்த வளைவு

சமன் பஸ் டிரைவர். டயகமவுக்கும் அக்கரப்பத்தனைக்கும் இடையில் ஒரு தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பாதையில் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாத வளைவுகள் நிறைய. பெரிய வண்டி ஹோன் அடித்தால், சின்ன வண்டி அகலமான இடத்தில் ஒதுங்கி நிற்கும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

ஒரு மழைநாளில் ராஜு ஒதுங்காமல் வளைவுக்குள் போய்விட்டார். எதிரே பஸ். இவர் திருப்பியதில் வேன் மண்மேட்டில் மோதி, கதவு உள்ளே வந்து காலை நசுக்கியது. வேனில் வேறு யாரும் இல்லை. பஸ்ஸில் யாருக்கும் அடியில்லை.

ஹோன் அடித்தேன், இரண்டு தரம் அடித்தேன் என்றார் சமன். அடிக்கவே இல்லை என்று ராஜு பொலிசில் சொன்னார். காலில் கட்டோடு கட்டிலில் கிடந்துகொண்டு சொன்ன வார்த்தைக்குக் கனம் கூடிவிட்டது. பஸ் முதலாளி சமனை டிரைவர் சீட்டிலிருந்து இறக்கி, ஹட்டன் போகிற இன்னொரு பஸ்ஸில் டிக்கட் கிழிக்கப் போட்டார். அதற்குப் பிறகு கடைத்தெருவில் என்னைக் கண்டால் சமனின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் திருப்பிக்கொள்வேன். என் புருஷன் பொய் சொல்லமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் சொல்லவும் இல்லை. கேட்காததைத்தான் அடிக்கவில்லை என்று சொல்லியிருந்தார்.

மூடியைத் திறந்தபோது

திங்கட்கிழமை செட் வந்தது. மூடியைத் திறந்தார்கள். டென்ஷனர் பேரிங் நீலம் பாரித்து, விரலால் ஆட்டினால் ஆடியது. பெல்ட்டின் முதுகு கண்ணாடி மாதிரி வழுவழுத்திருந்தது. மடித்துப் பார்த்தால் பற்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள். ஒரு ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

“எவ்வளவு நாளைக்கு ஓடியிருக்கும் நானா?”

“சொல்லேலா தங்கச்சி. நாளைக்கும் போயிருக்கும். ஒரு வருஷமும் இழுத்திருக்கும்.”

சரியான நேரத்தில் மாற்றினோமா, அவசரப்பட்டோமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியை வாங்கினால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை என் மூன்று பேரும் என் வேனில்தான் ஏறினார்கள். மாஸ்டர் சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இப்ப சரி” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கிளினிக்

அன்றைக்கு ராஜுவும் எங்களோடு வந்தார். மூன்று பேரும் மெஷினில் படுத்திருந்த நேரத்தில் நான் அவரைக் காது கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி, முதலில் காதுக்கு முன்னால் பிடித்தார். பிறகு அதன் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். எது சத்தமாகக் கேட்கிறது என்று கேட்டார். ராஜு என்னைப் பார்த்தார். “பின்னாலதான் டாக்டர்” என்றார்.

காதுக்குள் இருக்கிற ஒரு சின்ன எலும்பு அசையாமல் இறுகிவிட்டதாம். நரம்பு நன்றாகத்தான் இருக்கிறதாம். இப்படிப்பட்டவர்களுக்குத் தங்கள் குரல் தங்களுக்குள்ளேயே பெரிதாகக் கேட்பதால் மெதுவாகப் பேசுவார்கள் என்றும், இரைச்சலான இடத்தில் மற்றவர்கள் குரலை உயர்த்துவதால் அங்கே குறை தெரியாது என்றும் டாக்டர் சொன்னார். வேனுக்குள் ராஜு எங்களோடு ஒழுங்காகப் பேசிக்கொண்டு வந்தது இதனால்தான். வீட்டின் அமைதியில்தான் அவர் தனியாக இருந்திருக்கிறார்.

கண்டியில் ஆபரேஷன் செய்யலாம், முறை வர நாளாகும் என்றார்கள். அதுவரைக்கும் காதுக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு கருவி கிடைத்தது. கம்பளித் தொப்பி போட்டால் அது விசிலடிக்கும். இந்தக் குளிரில் தொப்பி இல்லாமல் இருக்கவும் முடியாது. ஒரு காதை மட்டும் வெளியே விட்டுத் தொப்பியை மடித்துக்கொள்ளப் பழகினார்.

கேட்டதும் கேட்காததும்

கருவி கிடைத்த அந்த வாரமே, “சமனப் பாக்கணும், நீயும் வா” என்றார்.

அக்கரப்பத்தனை பஸ் நிற்கிற இடத்தில் சமன் டிக்கட் பையோடு நின்றுகொண்டிருந்தார். சிங்களத்தில்தான் பேசினார்கள். எனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

“அன்னைக்கு நீ ஹோன் அடிச்சிருக்க” என்றார் ராஜு. “எனக்குக் காது கேக்கல. இப்பத்தான் தெரிஞ்சுச்சு.”

சமன் கருவியைப் பார்த்தார். “கேக்கலைன்னு சொல்றது வேற. அடிக்கலைன்னு சொன்னது வேற” என்றார்.

ராஜு தலையாட்டினார்.

“இத ஏன் எங்கிட்ட சொல்ற? எனக்குத்தான் அப்பவே தெரியுமே. முதலாளிகிட்ட சொல்லு.”

“உங்கிட்ட சொல்லிட்டுத்தான் அங்க போகணும்னு வந்தேன்.”

 பஸ் புறப்பட, சமன் படியில் ஏறிக்கொண்டார். சமாதானமாகப் போனாரா, கோபமாகப் போனாரா என்று என்னால் சொல்லமுடியவில்லை.

நாங்கள் முதலாளி வீட்டுக்குப் போனோம். அங்கிருந்து பொலிசுக்கும் போனோம். முதலாளி தேநீர் கொடுத்துக் கேட்டுக்கொண்டார், உடனே எதுவும் சொல்லவில்லை. பொலிசில் பெரியவர் இல்லை, இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். இன்னொரு நாளும் போனோம். தான் சொன்னது தவறு என்று எழுதிக்கொள்ளும்படி ராஜு கேட்டபோது, அங்கிருந்த உத்தியோகத்தர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். ராஜுவுக்குக் காது கேட்காது என்று நினைத்து இல்லை. இப்படி யாரும் வந்து கேட்பதில்லை என்பதால்தான்.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்தபோது சமன் மறுபடி டயகம பஸ்ஸில் டிரைவராக வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய மனைவியைக் கடையில் கண்டேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை. சிரிக்கவும் இல்லை. வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் நின்று பொறுக்கினேன்.

இப்போது ராஜு சில நாட்களில் எங்களோடு வேனில் வருகிறார். சாவியைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. முன் சீட்டு மாஸ்டருடையது என்பதால் பின்னால்தான் உட்காருவார்.

ஒரு வியாழக்கிழமை, வளைவு தெரியாத பனி. நான் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன்.

“பஸ் வருது, ஒதுக்கு” என்றார் ராஜு பின்னாலிருந்து, கருவி மாட்டிய காதை ஜன்னல் பக்கம் திருப்பியபடி.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டரைப் பார்த்தேன். அவருக்கும் கேட்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வேனைத் தண்ணீர் ஓடுகிற கானோரம் ஒதுக்கி நிறுத்தினேன். பிறகுதான் ஹோன் சத்தம் எனக்கு வந்து சேர்ந்தது.

பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் வந்தன, பிறகு பஸ். சமன்தான் ஓட்டினார். எங்களைப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியைத்தான் பார்த்தார். எங்கள் வேனுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை விடாமல், அவசரப்படாமல், முழு பஸ்ஸையும் எங்களைத் தாண்டிக் கொண்டுபோனார்.

“ம், போ” என்றார் ராஜு.